கதை சொன்னால்தான் கதவு திறக்கும்

முப்பத்தேழு பிள்ளைகளும் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முள்கம்பி வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். வேலிக்கதவு திறக்கவில்லை.

கதவருகே துப்பாக்கியோடு நின்ற கோப்ரல் ஹம்டான், முதல் பிள்ளையின் கையிலிருந்ததைச் சுட்டிக்காட்டி, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"புத்தகம்," என்றார் அர்ச்சுனன் வாத்தியார்.

"அது தெரிகிறது, சிக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது?"

மலாய்க்காரர்கள் வாத்தியாரைச் 'சிக்கு' என்றுதான் அழைப்பார்கள். மொட்டப்பாறைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரே வாத்தியாரான அர்ச்சுனனுக்கு அந்தச் சொல் அன்று காலைவரை மரியாதையாகத்தான் கேட்டது. அதற்குப் பிறகு தமிழ்ச் சொல்லாகவே கேட்க ஆரம்பித்தது.

"கதை எழுதியிருக்கு. பிள்ளைகள் படிக்கிற கதை."

"என்ன கதை?"

"சும்மா கதைதான், கோப்ரல்."

"சும்மா கதை என்று ஒன்று கிடையாது," என்றார் கோப்ரல். "புது உத்தரவு வந்திருக்கிறது. அச்சடித்த எதுவும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருடம் நவம்பர் மாதக் கடைசி. மலாயாவில் எமர்ஜென்சி வந்து நான்கு வருடம் ஓடிவிட்டது. கோலா பிலாவுக்கு அந்தப் பக்கம் இருந்த மொட்டப்பாறையில், தொழிலாளர்கள் குடியிருந்த, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, வெளியே போகிற ஒவ்வொரு தூக்குவாளியையும் திறந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே, வேலிக்கு வெளியே, ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் நின்றது. பிள்ளைகள் எட்டு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கட்டளை.

வருடக் கடைசி விடுமுறை தொடங்கி அன்றுதான் முதல் நாள். அர்ச்சுனன் சும்மா இருந்திருக்கலாம். மற்ற தோட்டத்து வாத்தியார்கள் சும்மாதான் இருந்தார்கள். ஆனால் அவர் ஒரு வருடமாகப் பதினொரு கடிதம் எழுதி, சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த வள்ளியப்பனிடமிருந்து ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் வரவழைத்திருந்தார்.

வள்ளியப்பன் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இலவசமாகப் புத்தகம் கொடுத்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். காசு கிடையாது, கட்டணம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான். நான்கு வாரம் கழித்து அவரே வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். உண்மையிலேயே படித்திருந்தால் பெட்டி பள்ளிக்கூடத்துக்கே சொந்தம். இல்லையென்றால் வந்த லாரியிலேயே திரும்பிவிடும். போன விடுமுறையில் வேறொரு தோட்டத்துப் பிள்ளைகள் "படிச்சோமுங்க ஐயா" என்று ஒரே குரலில் பாடியிருக்கிறார்கள். அவர் ஒரு பையனைத் தனியாக அழைத்து, கதாநாயகன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். பையன் யோசித்து, "வள்ளியப்பன்," என்று சொல்லியிருக்கிறான். பெட்டி போயே போய்விட்டது.

மொட்டப்பாறைப் பள்ளியில் அதுவரை இருந்தவை கிழிந்த பாடப்புத்தகங்கள் ஏழும், இமயமலை இருக்கிற பக்கம் கரையான் அரித்த ஒரு வரைபடமும்தான். அதனால் அர்ச்சுனனுக்கு அந்தப் பெட்டி உயிர்.

"சொல்லுங்கள், சிக்கு," என்றார் கோப்ரல்.

சொல்லாமல் இருக்கவும் பயமாக இருந்தது. அடுத்த தோட்டத்தில் அரிசி மூட்டைக்குள் யாரோ செருகிவைத்த ஒரு துண்டுத்தாளுக்காக, ஒன்றும் அறியாத ஸ்டோர்க்காரரை மூன்று நாள் விசாரித்திருந்தார்கள். அர்ச்சுனன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த, சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் ஆரம்பித்தார்.

"ஓர் அரசன். அவனுக்கு ஒரு மகன். அரசனுக்குக் கோபம் வந்தது. மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டான்."

கோப்ரல் நிமிர்ந்தார். "காட்டுக்கா?"

"கதையில் வருகிற காடு."

"எத்தனை வருடம்?"

"ஏழு."

"ஏழு வருடம் காட்டில் அவனுக்குச் சோறு யார் கொடுத்தார்கள்?"

அர்ச்சுனன் அதை யோசித்ததே இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஒரு கிழவி," என்றார்.

"கிழவிக்கு அரிசி எங்கிருந்து வந்தது?"

பதினொரு மணிச் சங்கு ஊதும்வரை அந்தக் கிழவியைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் வேறொரு மெல்லிய புத்தகம் மட்டும் உள்ளே போயிற்று. முப்பத்தாறு புத்தகங்கள் பெட்டிக்குத் திரும்பின.

வீட்டில் மனைவி பஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதிப் போடுங்களேன்," என்றாள்.

"கேட்டுப் பாத்துட்டேன். மனு சிரம்பானுக்குப் போகுமாம், அங்கேருந்து கோலாலம்பூருக்குப் போகுமாம், மூணு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் பெட்டியைக் கோப்ரலே சீல் வெச்சு வெச்சிக்குவாராம்."

"அப்ப ஒரு சீப்பு பழம் குடுத்துப் பாருங்க. மனுசன்தானே."

மறுநாள் அர்ச்சுனன் ஒரு சீப்பு பிசாங் மாஸ் கொண்டுபோனார். கோப்ரல் மறுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பழத்தை உரித்துக்கொண்டே, "இப்போது அவசரப்படாமல் சொல்லுங்கள்," என்றார்.

அன்றைக்கும் ஒரு புத்தகம்தான் போயிற்று.

மூன்றாம் நாள் அர்ச்சுனன் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி மணியத்தைப் பிடித்தார். மணியத்துக்கு மலாய் நன்றாக வரும். டைப்ரைட்டர் வேறு இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரியில் கதைச்சுருக்கம் அடித்து அட்டையில் ஒட்டிவிட்டால் கோப்ரல் படித்துவிட்டு விட்டுவிடுவார் என்பது திட்டம்.

"இதுல என்னா கஷ்டம் இருக்கு லா," என்று மணியம் ஒரே மாலையில் முப்பத்தேழு சீட்டையும் அடித்து முடித்தார்.

கோப்ரல் முதல் சீட்டை உரக்கப் படித்தார். "'அரசன் மகனைக் காட்டுக்கு அனுப்பினான். பிறகு திரும்பி வந்தான்.' யார் திரும்பி வந்தது? அரசனா, மகனா?"

"மகன்."

"ஏன் வந்தான்? சரணடைந்தானா?"

"இல்லை, தங்கைக்குக் கல்யாணம்."

"அது இதில் இல்லையே. இவ்வளவு சுருக்கமாக ஏன் எழுத வேண்டும்? எதையோ மறைக்கிறீர்கள்."

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கதைப் புத்தகங்களில் காடு வராத புத்தகமே அபூர்வம். அரசன் காட்டுக்குப் போனான், ராணி காட்டுக்குப் போனாள், முயல் காட்டிலேயே இருந்தது. முப்பத்தேழில் இருபத்தாறு சீட்டில் காடு வந்தது. "காட்டுக்குப் போகிற ஆட்களின் பட்டியல்போல் இருக்கிறது," என்றார் கோப்ரல். "இதை டைப் அடித்தது யார்?"

அன்று மத்தியானமே மணியம் மூச்சிரைக்க ஓடிவந்து சீட்டுகளையெல்லாம் உரித்துக்கொண்டு போய், தன் வீட்டு அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டார். "வாத்தியாரே, எனக்குப் பொஞ்சாதி புள்ளைங்க இருக்கு. இனிமே ஆபீஸ் பக்கம் வந்துடாதீங்க," என்றார்.

காடுதான் தொல்லை என்றால் காட்டையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று அர்ச்சுனன் முடிவு செய்தார். காடு வராத பதினொரு புத்தகங்களை மட்டும் தனியே பொறுக்கினார். பல் துலக்கும் முறை. தேனீ வளர்ப்பு. தபால் நிலையம் எப்படி வேலை செய்கிறது. நல்ல பிள்ளையின் இருபது கடமைகள். இப்படி.

கோப்ரல் பல் துலக்கும் முறையை முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "கடைசியில் என்ன ஆகிறது?" என்றார்.

"பல் சுத்தமாகிறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கோப்ரல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "உண்மையைச் சொல்லுங்கள், சிக்கு. இதை ஒரு பிள்ளை ஆசைப்பட்டுப் படிக்குமா?" என்று கேட்டார்.

அர்ச்சுனன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "படிக்காது," என்றார்.

"படிக்காத புத்தகத்தை எதற்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? இதில்தான் ஏதோ இருக்கிறது," என்று அதை விசாரணைக்காக எடுத்துவைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "பல்தான்," என்று வருத்தத்தோடு சொன்னார்.

இதற்குள் வாசிக்க வருகிற பிள்ளைகள் முப்பத்தேழிலிருந்து பத்தொன்பதாகிவிட்டார்கள். தேனீ வளர்ப்பை எடுத்துப்போன மாயாண்டி என்ற ஏழு வயசுப் பையன் அதைத் திறக்காமலே கொண்டுவந்து மேசையில் வைத்தான். "தேனீ வேணாம் சார். காட்டுக்குப் போன ராசா புத்தகம் குடுங்க."

"அது உள்ள போவாதுடா."

"அப்ப நானும் நாளைக்கு வரல சார்."

வள்ளியப்பன் வருவதற்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. அர்ச்சுனனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தினமும் மூன்று மணிநேரம் பாசார் மலாயில் அரக்கர்களையும் அந்தப்புரங்களையும் விளக்கியதில் குரல் அடியோடு போய்விட்டது. இரவு பஞ்சாலை சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

"புத்தகத்தைத் தூக்கிட்டுப் போறது நீங்களா, அதுங்களா?" என்றாள்.

அவர் கையால் பிள்ளைகள் என்று காட்டினார்.

"அப்ப அதுங்களே சொல்லிட்டுப் போவட்டும். நீங்க ஏன் நடுவுல நின்னு கத்துறீங்க?"

அவருக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. அதனால் ஒப்புக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. பிள்ளைகள் எட்டு மணியிலிருந்து பள்ளியிலேயே உட்கார்ந்து படிப்பார்கள். பத்தரைக்குக் கதவண்டை வருவார்கள். கோப்ரல் கேட்பார். யார் கதை சொல்கிறார்களோ அவர்கள் புத்தகம் வீட்டுக்குப் போகும்.

முதலில் நின்றவன் மாயாண்டி. வேலி போட்ட பிறகு பாசார் பக்கமே போகாதவன். வீட்டிலும் பள்ளியிலும் தமிழைத் தவிர வேறு பேச்சைக் கேட்காதவன். மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன', 'செரித்தா' என்றால் 'கதை' என்பது அவனுக்குத் தெரியாது.

கோப்ரல் குனிந்து, "அப்பா செரித்தா?" என்று கேட்டார்.

மாயாண்டி கவலையோடு தலையாட்டினான். "இல்லீங்க. ராத்திரி பூரா ஏப்பம் வுட்டுக்கிட்டே இருந்தாரு."

வரிசையே சிரித்தது. கோப்ரலுக்கு விளக்கியதும் அவரும் துப்பாக்கியைச் சாத்தி வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. மாயாண்டி தட்டுத்தடுமாறி, பாதி தமிழும் பாதி கைச்சாடையுமாகக் காட்டுக்குப் போன அரசகுமாரனைச் சொல்லி முடித்தான். கோப்ரல் கிழவியின் அரிசியைப் பற்றிக் கேட்டார். "அவ ஒரு மரக்கா அரிசி ஒளிச்சு வெச்சிருந்தா. புத்தகத்துல எட்டாவது பக்கத்துல இருக்கு," என்றான் மாயாண்டி. அர்ச்சுனன் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். இருந்தது. கதவு திறந்தது.

அதன் பிறகு பிள்ளைகள் அப்பா அம்மாவை நச்சரித்து மலாய்ச் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அரக்கனுக்கு மலாயில் சரியான சொல் யாருக்கும் தெரியவில்லை. 'பெரிய ஹந்து' என்றார்கள். பேய் என்றால் கோப்ரலுக்கு நன்றாகவே புரிந்தது. அந்த ஹந்துவுக்கு எத்தனை பல், பகலில் எங்கே தூங்கும், ராணி ஏன் அழுதாள், அழுதவள் ஏன் வாசலைத் தாழிட்டாள் என்றெல்லாம் கேட்டார். தெரியாத பிள்ளை திரும்பி ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லும். ஒரே புத்தகத்தை மூன்று தடவை படித்த பிள்ளைகள் இருந்தார்கள். வராமல் நின்றுபோனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பள்ளியில் பேரே இல்லாத நான்கு பொடிசுகளும் படம் பார்க்கவென்று பின்னாலேயே வந்தன.

அர்ச்சுனன் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தார். அங்கேதான் பெரிய தொல்லை பிறந்தது.

பதினொரு மணிக்கு ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பால்மரம் வெட்டுகிற வெட்டுக்காரர்கள் திரும்புவார்கள். கதவு ஒன்றுதான். முன்னால் பிள்ளைகள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் ராக்கம்மா என்ற வெட்டுக்காரி வாளியைத் தரையில் போட்டு, "சீக்கிரம் சொல்லித் தொலைங்க. நான் போய் அடுப்புப் பத்த வைக்கணும்," என்று கத்தினாள். இரண்டாம் நாள், "அப்பறம் அந்த ராணி கதவைத் தொறந்தாளா இல்லியா?" என்றாள். மூன்றாம் நாள் கோப்ரல் கதவைத் திறந்து, பெரியவர்கள் முதலில் போகலாம் என்றார். ஒருவரும் நகரவில்லை.

லயத்தில் ஒரு மணிக்குத்தான் அடுப்பு புகைந்தது. வேலிக்கு முன்னால் போகிற செம்மண் பாதையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டதால் பால் லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு நாள் லாரிக்காரனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவந்து உட்கார்ந்தான். ஸ்டோரில் பாலுக்குக் காத்திருந்தவர்கள் ஆளனுப்பினார்கள். அனுப்பிய ஆளும் திரும்பவில்லை.

மணியம்தான் கடைசியில் வந்தார். "வாத்தியாரே, தொரை கேக்குறாரு. அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு தோட்டம் பூரா நோட்டீஸ் ஒட்டிருக்கு. இங்க நூத்தம்பது பேரு குந்திருக்கான். நாளைக்கு இப்படிப் பாத்தா பொட்டியைத் திருப்பி அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு லா."

அர்ச்சுனன் அன்றிரவு ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் பதினொரு மணிக்கு வெறுங்கையோடு உள்ளே போய்விட்டு, சாயங்காலம் நான்கு மணிக்குக் கதவண்டை வந்து கதை சொன்னால் லாரிக்குத் தொந்தரவில்லை. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, அவ்வளவுதானே? ஐந்து ஐந்து பேராக உட்காரட்டும். ஒவ்வொரு ஐவருக்கும் நடுவில் பத்தடி இடம் விடட்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்பதால், ஓர் ஐவர் கேட்டதை அடுத்த ஐவருக்கு ஒருத்தர் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேலி நெடுக ஐந்து ஐந்து பேராக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டத்திலிருந்து ஒருத்தர் எழுந்து அடுத்த கூட்டத்துக்குக் குனிந்து ஓடி, காதோடு காதாக ஏதோ சொல்லிவிட்டு ஓடிவந்தார். குன்றின் மேலிருந்த பங்களாவிலிருந்து துரை பைனாகுலரில் இதைப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ரகசியச் செய்தி கடத்துகிற ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். உடனே போலீசுக்கு டெலிபோன் செய்தார்.

போலீஸ் மறுநாள் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னது. மறுநாள்தான் வள்ளியப்பன் வருகிற நாள்.

ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளும் வந்தன. ஜீப்பிலிருந்து ஒரு மலாய் இன்ஸ்பெக்டரும், ஸ்டேஷன் ரைட்டர் ராமசாமியும் இறங்கினார்கள். கறுப்பு மோரிஸ் காரிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்கச்சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு வள்ளியப்பன் இறங்கினார். துரை அரைக்கால் சட்டையோடு குன்றிலிருந்து விடுவிடுவென்று நடந்து வந்தார். வேலி நெடுக ஐவர் ஐவராக உட்கார்ந்திருந்த தோட்டமே எழுந்து நின்றது. அர்ச்சுனன், தான் கைதாகிப் போனாலும் பரவாயில்லை, பெட்டி போய்விடுமே என்றுதான் நினைத்தார்.

வள்ளியப்பன் நேரே கதவுக்குப் போனார். கையில் கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. கோப்ரல் கையை நீட்டித் தடுத்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"கேள்வி," என்றார் வள்ளியப்பன்.

"என்ன கேள்வி?"

இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொண்டு நின்றதால் வள்ளியப்பன் மறுக்கவில்லை. அங்கேயே, கதவண்டையிலேயே பரீட்சையை வைத்துக்கொண்டார். வரிசையைக் கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாத பிள்ளையாகத் தேடி, கடைசியில் ஒளிந்து நின்ற முத்தாயியைக் கூப்பிட்டார்.

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார். முத்தாயி ராக்கம்மாவின் மகள். எட்டு வயசு. வகுப்பில் இரண்டு வருடத்தில் "உள்ளேன் ஐயா" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

"ராஜகுமாரி ஏம்மா ஆத்தைக் கடக்கல?" என்று கேட்டார் வள்ளியப்பன்.

முத்தாயி தரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

"அவளுக்கு நீச்சல் தெரியும் ஐயா. மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு. ஆனா தம்பிக்குத் தெரியாது. அவ கடந்துட்டா அவன் இந்தக் கரையில தனியா நிப்பான். அதனாலதான் பயமா இருக்குன்னு பொய் சொல்லிட்டு நின்னுட்டா. பொய்யின்னு புத்தகத்துல எழுதல. ரெண்டாந் தடவ படிச்சாத்தான் தெரியும்."

வள்ளியப்பன் தன் தாளைப் பார்த்தார். அவர் எழுதிவைத்திருந்த விடை, "அவளுக்குப் பயம்" என்பது. அவர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டார்.

"வேற புள்ளை," என்றார். மாயாண்டி வந்தான். வேண்டுமென்றே அவன் கையில் இல்லாத வேறொரு புத்தகத்தை நீட்டினார். "இது மயிலம்மா படிச்சதுங்க. ஆனா எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டு முழுக்கச் சொன்னான். இன்னொரு பிள்ளை, இன்னொரு புத்தகம். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் எல்லாப் புத்தகமும் தெரிந்திருந்தது. ஒரு பிள்ளை ஒரு இடத்தில் தடுமாறியபோது, வேலிக்கு அந்தப் பக்கத்து ஐவரிலிருந்து ராக்கம்மா, "குதிரையில்ல, கழுத," என்று திருத்தினாள்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். அவர் முன்னால் வந்து, "இந்தக் கூட்டத்திலே யார் காட்டுக்குப் போறான்?" என்று அதட்டினார்.

நாற்பத்தொரு பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கேள்வி அது. அரசகுமாரன் என்று ஒரு பிள்ளை சொன்னது, ராணி என்று இன்னொன்று சொன்னது, முயல் போகவில்லை அங்கேயேதான் இருந்தது என்று ஒரு பொடிசு சொன்னது. துரை புரியாமல் நின்றார். இன்ஸ்பெக்டர் மலாயில், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பதினாறு நாளாகக் காத்திருந்ததுபோல் பிள்ளைகள் மலாய்க்கு மாறி, கிழவியின் அரிசியிலிருந்து பெரிய ஹந்துவின் பல்வரை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மூக்கில் வைத்தார்.

"இந்தப் பள்ளியில் மலாய் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா?" என்று அர்ச்சுனனைக் கேட்டார்.

"இல்லீங்க, துவான். நான் ஒருத்தன்தான்."

இன்ஸ்பெக்டர் துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை வேலி நெடுக நின்ற ஐவர்களைப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் வாயோரம் லேசாக அசைந்தது.

"பால் லாரிக்கு வழி விடணும்," என்றார்.

"விட்டுடுறோம், தொரை."

"கதவுக்குப் பக்கத்திலே ஒரு கொட்டகை போட்டுக் குடுக்கச் சொல்றேன். பெஞ்சு நாலு. கூட்டம் அங்கே இருக்கலாம். நாலு மணியிலேருந்து ஆறு மணிவரைக்கும். அஞ்சு அஞ்சு பேரா வேணாம். பாக்கறதுக்கு நல்லா இல்லை."

மணியம் ஓடிவந்து நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார்.

வள்ளியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். கண்ணாடியைவிடக் கண்ணைத்தான் அதிகம் துடைத்தார். "இத்தன தோட்டத்துக்குப் பொட்டி அனுப்பியிருக்கேன், வாத்தியாரே. புள்ளைங்க படிச்சிருக்கும்னு மட்டுந்தான் நான் எதிர்பார்த்தேன். இங்க தோட்டமே படிச்சிருக்கு. பொட்டி உங்களுது. மார்ச்சு லீவுக்கு இன்னொண்ணு அனுப்பறேன். அதுல பல் துலக்கறது இருக்காது."

வேலி நெடுக ஒரு சத்தம் எழுந்தது. அன்றைக்குத்தான் மொட்டப்பாறையில் முதல்முதலாக நூற்றைம்பது பேர் ஒன்றாகக் கூடி நின்று, யாருக்கும் பயப்படாமல் கை தட்டினார்கள். ராக்கம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஞ்சாலை மட்டும் கை தட்டவில்லை. "தொண்டையைப் பாத்துக்கங்க, இன்னைக்கும் பேசுவீங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு எல்லோருக்கும் தேநீர் போடப் போனாள்.

அர்ச்சுனன் நிமிர்ந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரையும் மன்னித்துவிடலாம்போல் இருந்தது. கோப்ரல் ஹம்டானைத் திரும்பிப் பார்த்தார். அவர் முக்காலியில் உட்கார்ந்து, மாயாண்டியிடம் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கண்டிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்திருப்பார்கள் என்று அர்ச்சுனனுக்குப் பட்டது.

ரைட்டர் ராமசாமி ஜீப்பில் சாய்ந்து நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அர்ச்சுனன் அவரிடம் போனார்.

"ஒரு ஒதவி பண்ணணும் சார். இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். அந்த உத்தரவை மட்டும் ரத்து பண்ணிடாதீங்க."

"எந்த உத்தரவு?"

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எந்தப் புத்தகமும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டீங்களே, அது. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. இப்ப அது அப்படியே இருக்கணும்னு தோணுது."

ராமசாமி குவளையை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல எல்லா உத்தரவையும் டைப் அடிக்கிறவன் நான்தான் சார். அரிசிக்கு அடிச்சிருக்கேன், சீனிக்கு அடிச்சிருக்கேன், டார்ச் லைட்டு பேட்டரிக்குக்கூட அடிச்சிருக்கேன். புத்தகத்தைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி அடிச்சதில்லியே."